அம்மாவின் கன்னிப் பெயர் என்ன? லண்டனில் புதிதாக வந்து இறங்குபவர்களுக்கு ஒரு வங்கிக் கார்டு பாடம்

ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடை. பத்துக் கிலோ பொன்னி அரிசி, துவரம்பருப்பு, ஒரு கட்டு முருங்கைக்காய், இன்னும் சில சாமான்கள். பில் 38 பவுண்டு. கார்டைத் தட்டினேன், மெஷின் மாட்டேன் என்றது. உள்ளே செருகி பின் நம்பர் போட்டேன், அதற்கும் மாட்டேன் என்றது. "காட் எடுக்குதில்லை தம்பி" என்றார் கடைக்கார அண்ணை, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி. நான் இந்த ஊருக்கு வந்து மூன்றாவது வாரம். கையில் இருந்த ரொக்கம் ஏழு பவுண்டு. அரிசியைத் திருப்பி வைத்துவிட்டு முருங்கைக்காயோடு வீடு வந்தேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. முந்தின இரவு ஆன்லைனில் 240 பவுண்டுக்கு மெத்தை வாங்கியிருந்தேன். புதுக் கணக்கில் முதல் பெரிய செலவு. வங்கியின் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்து, "இது நீங்கள்தானா?" என்று எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறது. எங்கே? கணக்குத் தொடங்கும்போது நான் கொடுத்த இந்திய நம்பருக்கு. அந்த சிம் சூட்கேஸில், ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

கஸ்டமர் கேருக்கு அடித்தேன். நாற்பது நிமிடம் பியானோ இசை. அப்புறம் ஒரு பெண் வந்து பிறந்த தேதி, முகவரி, போஸ்ட்கோடு எல்லாம் கேட்டார். கடைசியாக, "உங்கள் அம்மாவின் கன்னிப் பெயர்?" என்றார், அதாவது கல்யாணத்துக்கு முன் இருந்த குடும்பப் பெயர். நம் வீடுகளில் அப்படி ஒரு சமாச்சாரமே கிடையாது. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் தாத்தாவின் இனிஷியல், பின் அப்பாவின் இனிஷியல், அவ்வளவுதான். படிவத்தில் தாத்தா பெயரைப் போட்டது நினைவிருந்தது. ஆனால் சண்முகத்தை ஆங்கிலத்தில் வெறும் எஸ் போட்டு ஆரம்பித்தேனா, எஸ்-எச் போட்டேனா? தப்பான பக்கம் சாய்ந்தேன். "சாரி சார், பாஸ்போர்ட்டோடு பிரான்ச்சுக்கு வாருங்கள்" என்று வைத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்று வங்கிக்குக் கவலையே இல்லை. நீங்கள் பதிவு செய்ததும் இப்போது சொல்வதும் ஒன்றா என்றுதான் பார்க்கிறது. எனவே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் கொடுங்கள்.

நம் பெயர்தான் இங்கே முதல் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், வங்கிக்கு நீங்கள் மிஸ்டர் அப்பா. கார்டில் உங்கள் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அப்பா பெயர் முழுதாக நிற்கும். பாஸ்போர்ட், விசா, வங்கி, வேலை, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் ஒரே பெயர் இருக்கட்டும். இங்கே பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணோடு பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை 2020 முதல் இருக்கிறது. உங்களை 'குமார்' என்று மட்டும் தெரிந்த ரூம்மேட் அந்தப் பெயரில் வாடகைப் பங்கை அனுப்பப் பார்த்தால், 'பெயர் பொருந்தவில்லை' என்று எச்சரிக்கை வரும், அவர் பயந்து நிறுத்திவிடுவார். ஆறு இலக்க சார்ட் கோடு (வங்கியையும் கிளையையும் காட்டும் எண்), எட்டு இலக்கக் கணக்கு எண், இவற்றோடு கார்டில் இருக்கிற பெயரையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்க்கும் பெண்கள் எல்லா ஆவணத்திலும் ஒரே மூச்சில் மாற்றுவது நல்லது, பாதி மாற்றியது எதையும் விட மோசம்.

அடுத்தது போன் நம்பர். இங்குள்ள சிம் வாங்கிவிட்டு வங்கிக்குப் போங்கள், என்னைப் போலத் தலைகீழாகச் செய்யாதீர்கள். நம்பரை மாற்றுகிறீர்கள் என்றால், பழைய சிம் கையில் உயிரோடு இருக்கும்போதே வங்கியில் மாற்றிவிடுங்கள். புது நம்பரைச் சேர்க்க ஓடிபி கேட்கும், அது பழைய நம்பருக்குத்தான் போகும். ஊரிலுள்ள கணக்குக்கும் இதே கதை. இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். இந்தியக் கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது, 2020 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி நீங்களே அதை ஆன் செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதைச் செய்வது சுலபம், ஹீத்ரோவில் இறங்கிய பிறகு கஷ்டம்.

மூன்றாவது, முகவரி. கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், கரண்ட் பில் ரூம்மேட் பெயரில் இருக்கும், நீங்கள் அங்கே வசிப்பதற்குச் சாட்சியே இருக்காது. பலருக்குத் தெரியாத ஒரு வழி: காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் சரியான விசாவோடு இங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடக்கம். மாணவர்களும் சேரலாம். நம் கடன் வரலாற்றைச் சேகரித்து வைக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ் மாதிரி நிறுவனங்கள் அந்தப் பட்டியலையும் வைத்துத்தான் 'இந்த ஆள் இந்த முகவரியில் இருக்கிறார்' என்று உறுதி செய்கின்றன. ஓட்டுப் போடுகிறீர்களோ இல்லையோ, பதிவு செய்துவிடுங்கள்.

இனி கார்டின் குணம். ஊரில் ஆன்லைனில் எது வாங்கினாலும் ஓடிபி கேட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே சில சமயம் எதுவுமே கேட்காது, சில சமயம் ஆப்பைத் திறந்து ஒப்புதல் கொடு என்று நிற்கும். ஆன்லைன் கார்டுக்கான இந்த இரட்டைச் சோதனை 2022 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கடையில் பின் இல்லாமல் தட்டும் வரம்பை 2021 அக்டோபரில் 100 பவுண்டாக உயர்த்தினார்கள். ஆனால் தொடர்ந்து சில முறை தட்டினால், சின்னத் தொகையானாலும் மெஷின் கார்டைச் செருகச் சொல்லும். கார்டு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பின் மூன்று முறை தப்பாகி லாக் ஆனாலும், சரியான பின் தெரிந்தால் ஏடிஎம் மெனுவில் 'பின் சர்வீசஸ்' என்ற இடத்தில் நீங்களே திறந்துகொள்ளலாம்.

சீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பதினைந்து பேரிடமிருந்து மாதாமாதம் ஒரே தொகை உங்கள் கணக்கில் விழுந்து, மறுநாளே மொத்தமாக ஒருவருக்குப் போனால், வங்கியின் கண்ணுக்கு அது சீட்டாகத் தெரியாது, கறுப்புப் பணமாகத் தெரியும். கணக்கை முடக்கிவிட்டு 'ரிவ்யூ' என்பார்கள். சந்தேகம் பற்றி அதிகாரிகளுக்குத் தகவல் போயிருந்தால் அதை உங்களிடம் சொல்வது 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் போனில் இருப்பவரிடம் கத்திப் பயனில்லை, அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். யார் யார், எவ்வளவு, எந்த மாதம் என்று ஒரு தாள் எழுதி வைத்திருங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மாணவர்களே, "உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு, உனக்கும் ஏதாவது தருகிறேன்" என்று யார் சொன்னாலும் வேண்டாம். அது மோசடிப் பணம். சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் உங்கள் பெயர் ஏறினால் ஆறு வருடம் வரை நிற்கும், எந்த வங்கியும் எளிதில் கணக்குத் தராது.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது ஒன்று உண்டு. 'யார் கேட்டாலும் விவரம் தராதீர்கள்' என்று வங்கி மாதம் ஒரு மெயில் போடுகிறது. அப்புறம் அதே வங்கி நம்பர் காட்டாமல் கூப்பிட்டு, "முதலில் உங்கள் பிறந்த தேதி சொல்லுங்கள்" என்கிறது. இதற்குத் தீர்வு 159. 2021-இல் தொடங்கிய பொது எண், பெரும்பாலான வங்கிகளுக்கு அதிலிருந்து இணைப்புக் கிடைக்கும். யார் கூப்பிட்டாலும் "நானே 159-இல் அடிக்கிறேன்" என்று சொல்லிக் கட் பண்ணுங்கள், நிஜ வங்கிக்காரர் கோபிக்க மாட்டார். 'பாதுகாப்பான கணக்குக்குப் பணத்தை மாற்றுங்கள்' என்று எந்த நிஜ வங்கியும் சொல்லாது. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே சொல்லுங்கள். 2024 அக்டோபர் 7 முதல் உள்நாட்டுக் கணக்குகளுக்கு இடையே நடந்த இத்தகைய மோசடிக்கு, 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வங்கிகளுக்குக் கடமை உண்டு, விலக்குகள் சில இருந்தாலும்.

சரி, தப்பு வங்கியுடையதாகவே இருந்தால்? போனில் எத்தனை முறை புலம்பினாலும் அது புலம்பல்தான். "ஐ வாண்ட் டு மேக் எ கம்ப்ளெயின்ட்" என்று ஒரு தடவை சொல்லுங்கள், குரலை உயர்த்த வேண்டாம். அந்த வாக்கியத்துக்குப் பிறகு புகார் எண் வரும், கெடு ஓட ஆரம்பிக்கும். பணம் செலுத்துவது சார்ந்த புகாருக்குப் பெரும்பாலும் 15 வேலை நாள், மற்றவற்றுக்கு 8 வாரம். பேசியவர் பெயர், தேதி, நேரம் குறித்து வையுங்கள். உங்கள் அழைப்பின் ஒலிப்பதிவையே கேட்டு வாங்கலாம், இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால், இறுதிக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் தனி அமைப்பிடம், போகலாம். வக்கீல் தேவையில்லை, காசும் தேவையில்லை.

நானும் அந்தக் கார்டு விஷயத்தில் புகார் கொடுத்தேன். பாஸ்போர்ட்டோடு இரண்டு முறை பிரான்ச்சுக்குப் போன பிறகும் ஒன்பது நாள் கார்டு திறக்கவில்லை, அதுதான் புகார். ஆம்புட்ஸ்மேன் என்ற சொல்லை எழுதியதுமே, 75 பவுண்டும் ஒரு மன்னிப்புக் கடிதமும் வந்தன. கடிதம் 'அன்புள்ள மிஸ்டர் சுப்பையா' என்று தொடங்கியது. போட்டோ எடுத்து கோவில்பட்டிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அப்பா கூப்பிட்டார். "ஏன்டா, லண்டன் பேங்க்ல எனக்கு எதுக்கு லெட்டர் போட்டிருக்கான்? நான் எங்கேயும் கையெழுத்துப் போடலியே!"