டயர் சென்சர் மாட்டுகிறீர்களா? வால்வைக் கொஞ்சம் பாருங்கள்

போன கத்திரி வெயிலில் ஆம்பூரிலிருந்து வேலூர் வந்துகொண்டிருந்தேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும், டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்க வால்வு மூடிக்குப் பதிலாக மாட்டியிருந்த சென்சர் கத்தியது. ஓரங்கட்டிப் பார்த்தால் பின் டயரில் ஆணியும் இல்லை, கிழிசலும் இல்லை. ரப்பர் வால்வின் அடியில், ரிம்மை ஒட்டி, நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. வால்வை விரலால் சாய்த்தால் உஸ்ஸென்று காற்று வந்தது, விட்டால் நின்றது. மூன்று மாதத்துக்கு முன் நானே மாட்டிய சென்சர் அதன் தலையில் இருந்தது. தள்ளிக்கொண்டு போய் நின்ற பஞ்சர் கடையில் அந்தத் தம்பி பார்த்த உடனே சொன்னார்: “அண்ணா, இந்த வெயிட்டை ரப்பர் தாங்காது. மெட்டல் வால்வு போட்டுக்கோங்க.”

என் ஸ்கூட்டரில் வால்வு பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். சென்சர் கையில் 10 கிராம்தான். ஆனால் 10 அங்குல ரிம் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும்போது அதே 10 கிராம் அரைக் கிலோவுக்கு மேல் வெளிப்பக்கம் இழுக்கும். ஒவ்வொரு முறை வண்டி கிளம்பி நிற்கும்போதும் ரப்பர் வளைந்து நிமிர்கிறது. அதனால் சென்சர் வாங்கும் அன்றே வால்வையும் மாற்றிவிடுங்கள். டயர் மாற்றப் போகும் சமயமென்றால் இன்னும் வசதி.

அடுத்த விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண மூடி தூசியைத்தான் தடுக்கிறது, காற்றைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் வால்வு பின். மூடி மாதிரி திருகும் சென்சரோ அந்தப் பின்னை அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். திறந்தால்தான் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அதற்குத் தெரியும். அப்புறம் டயர் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் மிச்சமிருப்பது சென்சருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வாஷர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற தவறுகள் பாதி குறைந்துவிடும்.

கட்டிங் பிளேயரால் இறுக்காதீர்கள், வாஷர் நசுங்கி வெட்டுப்பட்டுவிடும். கையால் திருகி, நின்றதும் ஒரு சின்ன அழுத்தம் போதும். மாட்டியதும் சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் தடவி ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பஞ்சர் கடையில் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். கடுகளவு குமிழி வந்தாலும் கழற்றி வாஷரைப் பாருங்கள். மறுநாள் காலை தனி கேஜால் ஒருமுறை அளந்துவிட்டால் நிம்மதி.

காட்பாடி ஸ்டேஷன் பக்கம் நாள் முழுக்க வண்டியை விடுகிறவர்கள் சென்சர் திருட்டுக்குப் பயந்து, யாரும் கையால் கழற்ற முடியாதபடி அதன் அடியில் லாக் நட்டு போடுவார்கள். நியாயமான பயம். ஆனால் அந்த நட்டைக் கழற்றும் சின்ன ஸ்பேனரை வீட்டில் வைத்துவிட்டு வந்தால், வழியில் காற்றுப் பிடிக்க முடியாது. சென்சரைக் கழற்றாமல் காற்று ஏற்ற வழியில்லை. ஸ்பேனரும் பழைய மூடியும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

வண்டியை எடுப்பதற்கு முன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். டிஸ்க் காலிப்பரிலோ ஃபோர்க்கிலோ சென்சர் உரசுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சின்ன ரிம் ஸ்கூட்டரில் இடம் குறைவு.

எச்சரிக்கை அளவை மாற்றாமல் விடுவது இன்னொரு தவறு. கார் அளவு வைத்தே வருகிற சென்சர்கள் உண்டு. என் ஸ்கூட்டருக்கு முன்னால் 22, பின்னால் 29, டபுள்ஸ் போனால் பின்னால் 36 பிஎஸ்ஐ. கார் அளவில் விட்டால் முன் சக்கரத்துக்கு எந்நேரமும் கத்தும். எரிச்சலில் சத்தத்தை அணைத்துவிட்டால், சென்சர் மாட்டியே பயனில்லை. உங்கள் வண்டிக் கையேட்டைப் பார்த்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதைவிட 3, 4 பிஎஸ்ஐ கீழே தனித்தனியாக வையுங்கள். முன்பின் மாறி இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன் சக்கரச் சென்சரைக் கழற்றினால், அளவு காட்டும் திரையில் முன் சக்கர அளவுதான் இறங்க வேண்டும்.

நம்ம ஊர் வெயிலில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது. காலையில் 29 பிடித்த டயர், மதியம் ஓடிச் சூடானதும் 33 காட்டும். டயர் 10 டிகிரி சூடானால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும், அது இயல்பு. பயந்து காற்றை இறக்கினால் மறுநாள் காலை 25தான் இருக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்து இறங்கும்போது எண் கூடும், தொடாதீர்கள். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு.

மூடி மாதிரி திருகாமல் ரிம்முக்குள் வைக்கும் சென்சர் வகை டியூப்லெஸ் சக்கரத்துக்கு மட்டும்தான். அதை வைத்திருந்தால் பஞ்சர் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் லீவர் போட்டு நெம்பினால் உடைந்துவிடும். பஞ்சர் திரவம் ஊற்றினால் சென்சரின் துளை அடைத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பித்தளை வால்வும் சென்சரின் அலுமினிய மரையும் ஈரத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்ட சென்சரை முறுக்கினால் வால்வே சேர்ந்து வந்துவிடும்.