பிளாட்டினத் துகள் சின்னதாக இருந்தாலே போதுமா?

டீசல் புகையைச் சுத்தம் செய்யும் பிளாட்டினம் வினையூக்கி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இதுதான்: துகளை எவ்வளவு பொடியாக்குகிறோமோ அவ்வளவு நல்லது. பாதி உண்மை. 55 அணுக்கள் சேர்ந்த ஒரு துணுக்கில் 42 அணுக்கள் வெளிப்பரப்பில் இருக்கும். அதுவே 10 நானோமீட்டர் துகள் என்றால் பத்தில் ஒரு பங்குதான் வெளியே, மிச்சமெல்லாம் உள்ளே சும்மா கிடக்கிறது, விலையோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் எரிக்க இந்தப் பரப்பு பொதுவாக உதவும், சரி.

ஆனால் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும் வேலையில் கணக்கு தலைகீழாகிறது. மிகச் சிறிய துகள் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு தானே ஆக்சைடாகிவிடுகிறது, பிடித்ததை விட்டால்தானே வினை நடக்கும்? பெரிய துகளில் வெளியே இருக்கும் அணுக்கள் குறைவு, ஆனால் ஒவ்வோர் அணுவும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். இந்த மாற்றத்தை அலட்சியமாக விட முடியாது, ஏனென்றால் பின்னால் இருக்கும் வடிகட்டியில் படிந்த கரியை நைட்ரஜன் டை ஆக்சைடு 300 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே எரிக்க ஆரம்பித்துவிடும். வெறும் ஆக்சிஜனை நம்பினால் 550, 600 வரை சூடேற்ற வேண்டும்.

அடுத்த தவறு, புது வினையூக்கியில் இருக்கும் துகளின் அளவை வைத்தே முடிவு கட்டுவது. பிளாட்டினம் உருகுவது 1768 டிகிரியில், அதனால் துகள் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். உருகவே வேண்டாம். ஆக்சிஜன் நிறைந்த புகையில் 700, 800 டிகிரி வந்தாலே பிளாட்டினம் ஆக்சைடு ஆவியாகக் கிளம்பி, சிறிய துகளை விட்டுப் பெரிய துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சின்னது கரையும், பெரியது கொழுக்கும். வேடிக்கை என்னவென்றால், கொஞ்சம் பழசான வினையூக்கி நைட்ரிக் ஆக்சைடு விஷயத்தில் புதியதை முந்துவதும் உண்டு. கூடவே பல்லேடியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பது இந்த வளர்ச்சியை மட்டுப்படுத்தும், ஆனால் நைட்ரிக் ஆக்சைடை மாற்றுவதில் பல்லேடியம் மந்தம், கந்தகத்துக்கும் சீக்கிரம் பணிந்துவிடும்.

சராசரி அளவை மட்டும் பார்ப்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 100 துகள் எண்ணுகிறீர்கள், 99 துகள் 2 நானோமீட்டர், ஒன்று மட்டும் 10 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.08, அருமை! ஆனால் அந்த ஒற்றைத் துகளின் எடை 125 சின்னத் துகள்களுக்குச் சமம், அதாவது மொத்த பிளாட்டினத்தில் பாதிக்கு மேல் அதற்குள்தான் முடங்கியிருக்கிறது. எக்ஸ்ரே விளிம்பு வளைவோ (துகளில் பட்டு எக்ஸ்ரே சிதறும் விதத்தை வைத்து அளவு காணும் முறை) எதிர்த்திசையில் ஏமாற்றும், 2 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவை அதன் கண்ணில் சரியாகப் படாது. கார்பன் மோனாக்சைடை உறிஞ்ச வைத்து அளந்தால்? பரப்பின் மேல் கந்தகமோ கரியோ மூடியிருந்தால் உறிஞ்சுவது குறையும், உடனே 'துகள் பெருத்துவிட்டது' என்று கணக்கு சொல்லும், துகள் என்னவோ பழைய அளவிலேயே இருக்கும். அதனால் முதலில் அழுக்கை நீக்கிவிட்டு அளங்கள், அப்புறம் நுண்ணோக்கிப் படத்தோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் பாஸ்பரஸ் மட்டும் அவ்வளவு லேசில் போகாது.