"மொத்தம் எவ்வளவு ஆகும் சார்?"

சிவில் வழக்குப் போடப் போகிறவர்கள் வக்கீலிடம் முதலில் கேட்பது இதைத்தான். தவறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த 'மொத்த'த்துக்குள் நீதிமன்றக் கட்டணம், வழக்குச் செலவு, வக்கீல் ஃபீஸ் என்று மூன்று தனித்தனிப் பணம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "இன்னும் கேட்கிறாரே" என்று புலம்புவோம்.

நீதிமன்றக் கட்டணம் அரசுக்குப் போவது. தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குகளுக்கு 7.5 சதவீதமாக இருந்ததை 2017இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். 10 லட்சம் ரூபாய் கடனை வசூலிக்க வழக்குப் போட்டால் 30,000 ரூபாய். இதில் பேரமே கிடையாது. ஆனால் வழக்கு நடுவில் சமரசமாகிவிட்டால் இதைத் திரும்பப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் இரு தரப்பும் தாமாகவே வெளியே பேசி முடித்தாலும் திரும்பக் கிடைக்கும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்து சொன்னது. சமரசம் பேசும் நாளில் இதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

வழக்குச் செலவு என்றால் பேட்டா (எதிராளிக்குச் சம்மன் கொண்டு சேர்க்கக் கட்டும் பணம்), டைப்பிங், நகல் எடுப்பது போன்றவை. சில்லறைதான், ஆனால் கணக்கு நழுவுவது இங்கேதான். எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கில் பேட்டா கட்டாமலேயே இரண்டு வாய்தா போனது. குமாஸ்தாவிடம் நான் கொடுத்திருந்தேன்; எதற்கு என்று எழுதி வைக்கவில்லை, கேட்கவும் கூச்சம். அப்புறம்தான் ஒவ்வொரு தொகையையும் ஃபோனிலேயே, "பேட்டாவுக்கு" "நகலுக்கு" என்று குறிப்புப் போட்டு அனுப்பப் பழகினேன். வாங்கிய பணம் ஃபீஸா, செலவுக்கா என்று வக்கீல் கணக்கு வைக்க வேண்டும் என்பது, வக்கீல்களின் நடத்தையைக் கண்காணிக்கும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி. ஆகவே கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஃபீஸ் விஷயத்தில் தொகையைவிட அது எதுவரைக்கும் என்பதுதான் முக்கியம். வாய்தாவுக்கு இவ்வளவா, முழு வழக்குக்குமா? வழக்கு நடக்கும்போதே போடும் இடைக்கால மனுக்களும் இதில் அடங்குமா? அப்பீல் தனியா? தீர்ப்பு வந்ததும் சொத்து கைக்கு வந்துவிடும் என்று நினைத்திருப்போம். எதிராளி அசையாவிட்டால் நிறைவேற்று மனு என்று இன்னொரு சுற்று இருக்கிறது, அதற்கும் ஃபீஸ் உண்டு. இதையெல்லாம் ஒரு தாளிலோ, வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100க்கு ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு ஃபீஸைப் பற்றி யோசிக்கலாம்.

"இப்போது ஒன்றும் வேண்டாம், ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்ற பேச்சு விபத்து இழப்பீட்டு வழக்குகளில் சகஜம். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது வரமாகத் தோன்றும், அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. இந்தப் பேச்சோடு தொகை எழுதாத செக்கில் கையெழுத்தும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வக்காலத்தை, அதாவது நமக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை, படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் பெரிய தவறுதான். சமரசம் செய்துகொள்ளவும் உங்கள் சார்பில் பணம் பெறவும் அதிகாரம் தரும் வரிகள் அதில் அச்சாகியே இருக்கலாம். வேண்டாதவற்றை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வக்கீலை மாற்ற நினைப்பவர்கள் ஃபீஸ் பாக்கிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டை (வழக்கு ஆவணங்களை) பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாக்கியை அவர் தனியாக வசூலித்துக்கொள்ளலாம், அது வேறு கதை. வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது; 2024இல் அந்தக் கதவு மூடியாயிற்று. கட்டைத் தர மறுத்தால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.