பேலியோவா, பாக்கெட்டை ஒதுக்கினால் போதுமா? தொடங்குமுன் எடைபோட்டுப் பார்க்கும் முறை

"பேலியோ தொடங்கலாமா?" என்று கேட்பவர்களில் பலர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறார்கள். பாக்கெட் உணவுகளை நிறுத்தலாமா என்பது ஒன்று. அரிசி, கோதுமை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்தலாமா என்பது மற்றொன்று. கற்கால மனிதர் தின்றதைப் போலவே தின்னச் சொல்லும் பேலியோ உணவுமுறை, இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்கிறது. மாதக் கடைசியில் எடை குறைந்திருக்கும், எதனால் குறைந்தது என்று மட்டும் தெரியாது. பழி பருப்பின் மேல் விழும், பிஸ்கட் தப்பித்துவிடும்.

அதனால் இங்கே வரிசையைப் பிரித்திருக்கிறேன். முதலில் பாக்கெட். அது பழகிய பிறகு, தேவைப்பட்டால் மட்டும், தானியமும் பருப்பும் பாலும். பலருக்கு இரண்டாம் பாதிக்குப் போகும் தேவையே வராது என்பது என் கணிப்பு.

தொடங்குமுன்: மருந்து சாப்பிடுபவரா?

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: மாவுச்சத்து மிகவும் குறைந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோ அமிலம் ரத்தத்தில் ஆபத்தாகச் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைச் சட்டென்று கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதம் கூடுவதே பிரச்சினை. இவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவதுதான் சரி.

படி 1: எந்தப் பேலியோ என்று முடிவுசெய்யுங்கள்

அசல் பட்டியல் எளியது. இறைச்சி, மீன், முட்டை, காய், பழம், கொட்டை வகைகள் உண்டு. தானியம், பருப்பு, பால், வெள்ளைச் சர்க்கரை, பாக்கெட் உணவு கிடையாது, உப்பும் குறைவு. பாய்ட் ஈட்டன், மெல்வின் கான்னர் என்ற இருவர் 1985இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இந்தச் சிந்தனைக்கு மருத்துவ உலகில் இடம் பிடித்துக் கொடுத்தது. 2002க்குப் பிறகு அமெரிக்க ஆய்வாளர் லோரன் கார்டெய்ன் அதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனார்.

இன்று அதே பெயரில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நிறைந்த பட்டியல்களும் சுற்றுகின்றன. அவை குறைமாவு, நிறைகொழுப்பு உணவுமுறைகள். அசல் பேலியோவில் பாலாடைக்கட்டிக்கு இடமில்லை. பழத்துக்கும் கிழங்குக்கும் ஓரளவு இடமுண்டு. நண்பர் ஒருவர் ஒன்றைச் செய்து நலமடைந்தார் என்பதற்காக நீங்கள் மற்றொன்றைத் தொடங்கிவிடக் கூடாது. கையிலிருக்கும் பட்டியலில் பால், பழம், கிழங்கு மூன்றுக்கும் என்ன விதி என்று பாருங்கள். எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

படி 2: கற்காலக் கதையை ஓரமாக வையுங்கள்

"நம் மூதாதையர் தானியம் தின்றதில்லை" என்ற வாதத்தில் மயங்கி முடிவெடுக்க வேண்டாம். வடகிழக்கு ஜோர்டானில் 14,400 ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்பில் கருகிய ரொட்டித் துண்டுகள் கிடைத்ததாக 2018இல் அறிவித்தார்கள். விவசாயம் அங்கே வேரூன்றியது அதற்குச் சுமார் 4,000 ஆண்டுகள் கழித்துத்தான். நியாண்டர்தால் மனிதர்களின் பற்காரையிலேயே சமைத்த மாவுச்சத்தின் துகள்கள் கிடைத்திருக்கின்றன.

பேலியோ தட்டை நிறைக்கும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றும் ஒரே காட்டுச் செடியிலிருந்து உழவர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த வடிவங்கள். கற்காலத்தில் எவரும் காலிஃபிளவரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. இதனால் பேலியோ பயனற்றது என்று ஆகிவிடாது. அதன் பயனை இன்றைய உடம்பில் சோதித்துத்தான் சொல்ல முடியும், அவ்வளவே.

படி 3: மூன்று நாள் குறித்து வையுங்கள்

எதையும் மாற்றாமல் மூன்று நாள், அதில் ஒன்று விடுமுறை நாளாக, வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள். காபியில் போட்ட சர்க்கரை, குழந்தை மிச்சம் வைத்ததை எடுத்துத் தின்றது, எல்லாமும்தான். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் 1 முதல் 4 வரை ஓர் எண் போடுங்கள். இது பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோவின் குழு உருவாக்கிய நோவா என்ற வகைப்பாடு.

முதல் வகை: காய், பழம், முட்டை, இறைச்சி, பால், அரிசி, பருப்பு. கழுவியது, உலர்த்தியது, உறையவைத்தது, காய்ச்சிப் பாக்கெட்டில் அடைத்த பால் எல்லாம் இதில் சேரும். இரண்டாவது: எண்ணெய், வெண்ணெய், சர்க்கரை, உப்பு போன்ற சமையல் துணைப்பொருட்கள். மூன்றாவது: முதல் வகையோடு இரண்டாவதைச் சேர்த்துப் பக்குவம் செய்தவை. பாலாடைக்கட்டி, உப்புநீரில் அடைத்த காய், வீட்டு முறையில் சுட்ட ரொட்டி இங்கே வரும். நான்காவதுதான் நாம் தேடும் ஆள்: குளிர்பானம், பாக்கெட் நொறுக்கு, உடனடி நூடுல்ஸ், கலர் சேர்த்த தானிய வில்லைகள், சாசேஜ் போன்றவை.

பதப்படுத்தியது என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உறையவைத்த பட்டாணி பதப்படுத்தியதுதான், அயோடின் சேர்த்த உப்பும் அப்படித்தான். இரண்டையும் விரட்ட வேண்டிய அவசியமில்லை. நான்காம் எண் விழுந்த வரிகளை மட்டும் வட்டமிடுங்கள்.

படி 4: லேபிள் படிக்கப் பழகுங்கள்

இந்த முழு விளக்கத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். அது விளம்பரம். திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது கடைசியில் என்று எடையின் வரிசைப்படி எழுதியிருப்பார்கள். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்தால் அது இனிப்புப் பண்டம், பெயர் எதுவாக இருந்தாலும். சர்க்கரை தன் சொந்தப் பெயரில் வராமலும் இருக்கலாம்: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப், ஃபிரக்டோஸ், அடர் பழச்சாறு. இப்படி நான்கைந்து பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டினால் முதலிடம் சர்க்கரைக்குத்தான்.

அடுத்து, உங்கள் சமையலறையில் என்றுமே இருக்காத பொருட்கள் எத்தனை என்று பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், மாற்றியமைத்த ஸ்டார்ச், எமல்சிஃபையர், சுவையூட்டி, நிறமி போன்ற பெயர்கள் வரத் தொடங்கினால் அது பெரும்பாலும் நான்காம் வகை. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய் என்று இருந்தால் யோசிக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். அதிலிருக்கும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்கும்.

பிறகு கொஞ்சம் கணக்கு. ஒரு பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கிறது, பாட்டில் 500 மில்லி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் என்றால் பன்னிரண்டு டீஸ்பூனுக்கும் மேல். உணவில் வெளியிலிருந்து சேரும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சரியாக 50 கிராம். ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்தது.

உப்புக்கு, லேபிளில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது அதே நிறுவனத்தின் வரம்பு. "ஒரு பரிமாறலுக்கு" என்று எழுதியிருந்தால், பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்றும் பாருங்கள். இரண்டரை பரிமாறல் உள்ள பாக்கெட்டை யாரும் பாதியில் மடித்து வைப்பதில்லை.

பேலியோ முத்திரை குத்திய பார்களுக்கும் குக்கீஸ்களுக்கும் இதே சோதனைதான். பாதாம் மாவில் செய்து தேன் ஊற்றிய குக்கீயும் குக்கீதான்.

படி 5: ஒரு மாதம் நான்காம் வகையை மட்டும் நிறுத்துங்கள்

அரிசி இருக்கட்டும், பருப்பும் பாலும் இருக்கட்டும். வட்டமிட்ட வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதலில் பானங்கள், ஏனென்றால் திரவமாகக் குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை. அடுத்து மாலை நொறுக்கு. காலை உணவு கடைசியில். அவசரத்தில் இருக்கும் நேரத்தில் பழக்கத்தை மாற்றுவது கடினம். நிறுத்தும் ஒவ்வொன்றுக்கும் மாற்றாக ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்: அவித்த முட்டை, பழம், வறுத்த கடலை. மாற்று இல்லாமல் நிறுத்தினால் இரவு பத்து மணிக்கு அலமாரி கூப்பிடும்.

இதற்குப் பின்னால் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் நான்காம் வகை உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். நான்காம் வகை கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. சிறிய ஆய்வுதான், குறுகிய காலம்தான். ஆனால் "மனக்கட்டுப்பாடு இல்லாததால்தான் குண்டாகிறார்கள்" என்று உபதேசிப்பவர்களுக்கு நல்ல பதில். பதப்படுத்தாத தட்டிலும் தானியமும் பயறும் இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: இப்போது முடிவெடுங்கள்

மாத முடிவில் இடுப்பளவு, எடை, பசி, தூக்கம் எப்படி என்று பாருங்கள். போதும் என்றால் அப்படியே தொடருங்கள். இன்னும் வேண்டும் என்றால் பேலியோவுக்குப் போகலாம், என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு.

ஸ்வீடனில் மாதவிடாய் நின்ற, உடற்பருமன் கொண்ட 70 பெண்களை இரண்டு பிரிவாக்கி இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். பேலியோ பிரிவுக்கு ஆறு மாதத்தில் உடற்கொழுப்பு மற்றப் பிரிவைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் குறைந்தது. இரண்டு ஆண்டு முடிவில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை; டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மட்டும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. 2014இல் வெளியான முடிவு இது. ஆக, தொடக்கத்தில் வேகம் உண்டு. நீடிப்பது நீங்கள் அதை எத்தனை காலம் தாங்குவீர்கள் என்பதைப் பொறுத்தது. டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். கட்டுப்பாடான விதி இருந்தால்தான் நிற்கும் மனம் சிலருக்கு உண்டு, அவர்களுக்கும் பொருந்தும். சைவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பருப்பையும் பாலையும் எடுத்துவிட்டால் புரதத்துக்குக் கொட்டைகளைத் தவிர அதிகம் மிஞ்சாது.

படி 7: போனதற்கு ஈடு செய்யுங்கள்

பால் போனால் கால்சியம் போகிறது. பெரியவர்களுக்குத் தினமும் சுமார் 1,000 மில்லிகிராம் வேண்டும். முள்ளோடு தின்னும் சிறு மீன், எள், ஆக்ஸலேட் குறைந்த கீரைகள் கைகொடுக்கும்; பசலைக் கீரையில் கால்சியம் இருந்தும் ஆக்ஸலேட் அதைப் பிடித்துவைப்பதால் உடம்பில் ஏறுவது குறைவு. பாலோடும் உப்போடும் அயோடினும் குறையும். அதே ஸ்வீடன் பெண்களிடம் இந்தக் குறைபாடு தென்பட்டது. ஆகவே போடும் கொஞ்ச உப்பும் அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும். தானியமும் பருப்பும் தந்த நார்ச்சத்தைக் காயும் பழமும்தான் ஈடுகட்ட வேண்டும், தட்டில் பாதி காய் என்று வைத்தால் நடக்கும்.

இறைச்சி என்றதும் பேக்கனும் சாசேஜும் நினைவுக்கு வந்தால் நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் வைத்தது.

படி 8: ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகையை மட்டும் சேர்த்து மூன்று நான்கு நாள் கவனியுங்கள். முதலில் பருப்பு என்பேன், பேலியோ அநியாயமாகத் தள்ளிவைத்தது அதைத்தான். வயிற்றைக் கெடுக்கக்கூடிய லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். லெக்டின் நன்றாகக் கொதிக்கவைத்தால் செயலிழந்துவிடும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் ஃபைட்டிக் அமிலம் குறையும். அது பேலியோ அனுமதிக்கும் பாதாமிலும் உண்டு, அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. ராஜ்மாவில் மட்டும் கவனம் வேண்டும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மெதுவாகச் சூடேறும் மின்குக்கரில் வேகவைத்தால் அதிலுள்ள லெக்டின் நஞ்சு போகாது.

அடுத்து பால். வயிறு உப்பினால் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் காரணமாக இருக்கலாம், தயிரை முயலுங்கள். கடைசியில் தானியம், முழுத்தானியமாக.

ரத்தப் பரிசோதனையைத் தொடங்குமுன் ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் எடுங்கள். எச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவதால் அதற்கு முன் எடுத்துப் பயனில்லை. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறியிருந்தால் கொழுப்புள்ள இறைச்சியையும் வெண்ணெயையும் குறைத்து, மீனும் கொட்டைகளும் கூட்டி மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அறிக்கையோடு மருத்துவரிடம் போங்கள்.