கணினியை மெதுவாக்காத இலவச ஆன்டிவைரஸ்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றுவது

"எந்த இலவச ஆன்டிவைரஸ் லேசானது?" என்று தேடினால் பத்துப் பெயர் கொண்ட பட்டியல்தான் கிடைக்கும். அதில் ஒன்றை எடுத்துப் போட்ட பிறகும் கணினி ஆமை வேகத்தில்தான் போகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் ஆன்டிவைரஸின் பெயரில் இல்லை. அது எந்த நேரத்தில் ஸ்கேன் செய்கிறது, அதற்கு முன் இருந்தது முழுசாகப் போய்விட்டதா என்ற இரண்டில்தான் விஷயம் இருக்கிறது. 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ஒரு லேப்டாப்பை இந்த வழியில்தான் தேற்றினேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ஒரு மென்பொருளை இறக்கி நிறுவுவது, ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. யார் இழுக்கிறார்கள் என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு என்ற தலைப்பை ஒருமுறை கிளிக் செய்து, அதிகம் இழுப்பது எது என்று பாருங்கள். அப்புறம் டிஸ்க் தலைப்பையும் அப்படியே. கணினி ஆன் ஆன கையோடு பார்க்காதீர்கள்; அந்த நேரத்தில் எல்லா மென்பொருளும் முண்டியடிக்கும். கொஞ்ச நேரம் வேலை செய்து, மெதுவாகிறது என்று தோன்றும் தருணத்தில் பாருங்கள்.

"ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிக்யூட்டபிள்" என்ற பெயர் மேலே நின்றால் அது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர். வேறு கம்பெனி பெயர் நின்றால் நீங்கள் போட்ட ஆன்டிவைரஸ், அல்லது லேப்டாப் வாங்கும்போதே உள்ளே இருந்த சோதனைப் பதிப்பு. இரண்டும் இல்லாமல் பிரவுசர்தான் மேலே நிற்கிறது என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு உதவாது. டேப்களை மூடுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா என்று பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பாருங்கள். ஆம் என்றால், அதற்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்) மாற்றுவது எந்த ஆன்டிவைரஸ் மாற்றத்தையும்விடப் பெரிய வித்தியாசம் தரும். மாற்ற வழியில்லை என்றால் 4-ஆம் படிதான் உங்களுக்கு முக்கியம்.

2. எது காவலில் இருக்கிறது?

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். இடது பக்கம் கீழே செட்டிங்ஸ், அதற்குள் மேனேஜ் புரொவைடர்ஸ். ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ் எது ஆனில் இருக்கிறது, எது ஆஃபில் இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருக்கும்.

ரியல் டைம் பாதுகாப்பு என்பது, நீங்கள் திறக்கும், சேமிக்கும், காப்பி செய்யும் ஃபைல்களை அந்த நொடியிலேயே குறுக்கே நின்று பார்ப்பது. இரண்டு மென்பொருள் இந்த வேலையைச் செய்தால் ஒரே ஃபைல் இரண்டு தடவை சோதிக்கப்படும். ஒன்று திறந்து பார்ப்பதை இன்னொன்று போய்ச் சோதிக்கும் கூத்தும் நடக்கும். இதைத் தவிர்க்கத்தான் வேறு ஆன்டிவைரஸ் வந்ததும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் வெளியிலிருந்து வந்த இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும் என்று நம்பாதீர்கள்.

3. பழையதை வேரோடு எடுப்பது

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். செட்டிங்ஸில் அன்இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது என்று தோன்றும். ஆன்டிவைரஸ் சாதாரண மென்பொருள் இல்லை; விண்டோஸின் அடியாழத்தில் டிரைவர்கள் என்ற துணை நிரல்களைப் போட்டு வைத்திருக்கும். ஐகான் போயிருக்கும், டிரைவர் இருக்கும். மேனேஜ் புரொவைடர்ஸில் பழைய பெயர் நிற்கும், டிஃபெண்டரும் முழிக்காது. காவலும் இல்லை, வேகமும் இல்லை.

அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில், அந்தந்தக் கம்பெனி தரும் நீக்கும் கருவியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர், ஏவிஜிக்கு ஏவிஜி கிளியர், மெக்காஃபிக்கு எம்சிபிஆர். நார்ட்டனுக்கு ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால் என்ற கருவி. அதில் நீக்க மட்டும் செய்யும் தேர்வை எடுக்காவிட்டால் நீக்கிவிட்டு மறுபடி போட்டுவிடும். கருவியைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பு வேண்டாம்.

அடுத்து, ஆன்டிவைரஸின் செட்டிங்ஸில் செல்ஃப் டிஃபென்ஸ் என்று ஏதாவது இருந்தால் அணையுங்கள். வைரஸ் தன்னை அழித்துவிடக் கூடாது என்று வைத்திருக்கும் பூட்டு அது. நீங்கள் நீக்க வந்தாலும் அதே பூட்டுதான் தடுக்கும். பிறகு வழக்கமான அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், அதன்பின் கருவி. கருவி சேஃப் மோட் (அவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை) கேட்டால், கீழே உள்ள பின்சேர்க்கையைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள். இன்னொரு ரீஸ்டார்ட் முடிந்ததும் மேனேஜ் புரொவைடர்ஸைத் திறந்து பாருங்கள். ஒரே பெயர், அதுவும் ஆனில் இருந்தால்தான் அடுத்த படி.

4. எதைத் தேர்ந்தெடுப்பது

என் ஓட்டு டிஃபெண்டருக்கு. "அது சும்மா பேருக்கு" என்று இன்னமும் சிலர் சொல்வது விண்டோஸ் 7 காலத்து நினைப்பு. அப்போது அந்தப் பெயரில் இருந்தது ஸ்பைவேரை மட்டும் பார்க்கும் ஒரு சின்ன மென்பொருள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அது முழு ஆன்டிவைரஸ் ஆனது. பாப்அப் விளம்பரம் கிடையாது, "பிரீமியத்துக்கு மாறுங்கள்" என்ற நச்சரிப்பு கிடையாது. குறை என்றால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போது கொஞ்சம் திணறும்.

வேறு ஏதாவதுதான் வேண்டும் என்றால் இரண்டு இடங்களில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜெர்மனியில் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் போடுகிறது. ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஏவி கம்பேரட்டிவ்ஸ் வேகத்துக்கென்றே தனிச் சோதனை நடத்துகிறது: ஃபைல் காப்பி, ஜிப் செய்வது, மென்பொருள் நிறுவுவது, திறப்பது, இணையத்தில் உலாவுவது என்று பிரித்துக் காட்டும். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், நீங்கள் தினமும் செய்யும் வேலைக்கான வரியைப் பாருங்கள்.

பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு எனக்குப் பிடிக்கும். நோண்ட அதிகம் இல்லை, அதுவே நல்லது. கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லும். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பெனியின் கையில். ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்குத் தாவும்போது இது நினைவில் இருக்கட்டும். அவாஸ்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பயனர்கள் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024-இல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஜம்ப்ஷாட்டை 2020-இலேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் இலவசம் என்று ஒன்றைப் போடும்போது, நிறுவும் திரையில் டிக் போட்டு வைத்திருக்கும் பெட்டிகளை நான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். கஸ்டம் இன்ஸ்டால் என்று இருந்தால் அதையே எடுங்கள். பிரவுசர், விபிஎன், கிளீனர் மூன்றையும் கழற்றிவிட்டாலே பாதி பாரம் குறையும்.

சரி, எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்கேன் நேரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். டிஃபெண்டரில் இந்த இடம் ஒளிந்துகிடக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் திறங்கள். இடது பக்க மரத்தில் லைப்ரரி, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று அம்புக்குறி வழியாகவே இறங்குங்கள். நடுவில் "விண்டோஸ் டிஃபெண்டர் ஷெட்யூல்டு ஸ்கேன்" இருக்கும். இரட்டைக் கிளிக் செய்து, டிரிகர்ஸ் பக்கத்தில் நியூ கொடுத்து, வாரம் ஒரு நாள், ஒரு நேரம் வையுங்கள்.

அந்த நேரம் எது என்பதில்தான் சூட்சுமம். நள்ளிரவு என்று வைப்பவர்கள் அதிகம். ஆனால் நள்ளிரவில் அவர்கள் கணினி அணைந்திருக்கும். அதே ஸ்கேன் டாஸ்க்கின் செட்டிங்ஸ் பக்கத்தில் "நேரம் தவறினால் முடிந்த சீக்கிரம் ஓட்டு" என்ற பொருளில் ஒரு டிக் இருக்கிறது. அது போட்டிருந்தால் நள்ளிரவு ஸ்கேன் மறுநாள் நீங்கள் கணினியைத் திறந்து உட்காரும்போது ஓட ஆரம்பிக்கும். காலையில் மட்டும் மெதுவாக இருக்கிறது என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். கணினி ஆனில் இருந்து நீங்கள் மட்டும் எழுந்துபோகும் நேரம், சாப்பாட்டு வேளை மாதிரி, அதை வையுங்கள். கண்டிஷன்ஸ் பக்கத்தில் கணினி சும்மா இருந்தால் மட்டும் தொடங்கு என்பதற்கும் டிக் போடலாம்.

5. விலக்குப் பட்டியல்

டிஃபெண்டர் சோதிக்காமல் விட வேண்டியவற்றைச் சொல்லும் இடம் இது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஃபைல்கள், நீங்களே எழுதும் நிரல்களின் ஃபோல்டர் போன்றவற்றை இங்கே சேர்த்தால் வேகம் கூடும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ மொத்த சி டிரைவையோ சேர்க்காதீர்கள். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று எழுதியிருக்கும் கிராக் மென்பொருளுக்காகவும் சேர்க்காதீர்கள். அப்படி எழுதியிருப்பதே போதும், அதை அழித்துவிட.

எல்லாம் முடிந்ததும் காவல் உண்மையிலேயே முழித்திருக்கிறதா என்று பார்க்க ஐகார் என்ற அமைப்பின் சோதனை ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட வெறும் உரை. தீங்கு எதுவும் செய்யாது. ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐகாரின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். இறக்கவே விடாவிட்டால் நல்ல செய்தி.

பின்சேர்க்கை

வாசகர்கள் சொன்ன பிறகு சேர்ப்பவை. சேஃப் மோட் போகும்போது சில லேப்டாப்களில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரிகவரி கீ கேட்கிறது. 3-ஆம் படியைத் தொடங்கும் முன், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். பின் எண்ணுக்குப் பதில் பாஸ்வேர்டும் கேட்கலாம்.

மால்வேர்பைட்ஸ் போட்டதும் டிஃபெண்டர் அணைந்துவிட்டது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் 14 நாள் பிரீமியம் சோதனை ஓடும்போது அது தன்னை முதன்மை ஆன்டிவைரஸாகப் பதிவு செய்துகொள்கிறது. செக்யூரிட்டி சென்டரில் எப்போதும் பதிவு செய் என்ற அதன் தேர்வை அணைத்தால் டிஃபெண்டர் திரும்பிவிடும். சோதனைக் காலம் முடிந்த இலவசப் பதிப்பு, நாம் கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்யும். சந்தேகம் வந்தால் இரண்டாம் கருத்துக் கேட்க அது போதும். நிறுவவே வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கிறது. இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அடுத்த முறை புதிதாக இறக்க வேண்டும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாள அப்டேட்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸிலேயே உள்ள ஓட்டைகளை அந்த அப்டேட்கள் அடைக்காது, வேறு ஆன்டிவைரஸ் போட்டாலும் அடைபடாது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி என்றால், நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர முடிகிறதா என்று செட்டிங்ஸின் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாருங்கள்.