ரீஃப் தொட்டியில் பாஸ்பேட்: அளப்பதிலும் குறைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர் பாஸ்பேட்டைப் பற்றி முதலில் தெளிய வேண்டியது, சோதனையில் தெரியும் எண் தொட்டிக்குள் வந்து சேர்ந்த பாஸ்பேட்டின் அளவன்று என்பதே. மீனுக்கு இட்ட உணவின் வழியே வந்ததில் பாசியும் பாக்டீரியாவும் பவளமும் எடுத்துக்கொண்டது போக, பாறையிலும் மணலிலும் படிந்தது போக, நீரில் எஞ்சியதை மட்டுமே நாம் அளக்கிறோம். மாதக் கடைசியில் பணப்பையில் இருப்பதைப் பார்த்து ஒருவருடைய சம்பளத்தைச் சொல்லிவிட முடியாது, இதுவும் அப்படித்தான். பாறையெல்லாம் பச்சைப் பாசி மண்டிக் கிடக்க, கருவி சுழியம் காட்டினால், பாஸ்பேட் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. நீருக்கு வருவதையெல்லாம் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதும் அதே சுழியத்தைத்தான் தரும். மேலும், வீட்டுச் சோதனைகள் நீரில் கரைந்த கனிம வடிவமான ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டுமே காட்டுகின்றன. கழிவிலும் நுண்துகள்களிலும் கரிமச் சேர்மமாக இருப்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

அடுத்தது அலகுத் தவறு. இங்கே சிங்கப்பூரில் உள்ள ரீஃப் வளர்ப்பாளர்களிடம் ஹன்னா நிறுவனத்தின் கையடக்கக் கருவிகள் பரவலாக உள்ளன. அவற்றுள் எச்ஐ736 என்ற கருவி பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அலகில் காட்டுகிறது. எச்ஐ713, எச்ஐ774 ஆகியவை பாஸ்பேட்டை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலகில் காட்டுகின்றன. பாஸ்பரஸ் அளவை 3.066ஆல் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் அளவு பிபிஎம்மில் கிடைக்கும். கருவி 20 என்று காட்டினால் அது 0.02 பிபிஎம் பாஸ்பேட் அன்று, ஏறத்தாழ 0.06. இந்த மும்மடங்கு வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டு பேர் தத்தம் எண்களை ஒப்பிட்டு ஆலோசனை பரிமாறிக்கொண்டால், ஒருவருடைய பவளங்களுக்குக் கேடு உறுதி.

கருவியின் பிழை வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். எச்ஐ713இன் பிழை வரம்பு 0.04 பிபிஎம்மும், அதனுடன் அளவீட்டில் நான்கு விழுக்காடும் ஆகும். ஆகவே அக்கருவியில் 0.03 என்று தெரிவது உண்மையில் சுழியமாகவும் இருக்கலாம், 0.07ஆகவும் இருக்கலாம். எச்ஐ736இன் பிழை 5 பிபிபி பாஸ்பரஸ், அதாவது சுமார் 0.015 பிபிஎம் பாஸ்பேட்; அதனுடன் அளவீட்டில் ஐந்து விழுக்காடு. நேற்று 0.04, இன்று 0.05 என்று கண்டவுடன் எதையாவது ஊற்றக் கை பரபரப்பவர்கள், அந்த வேறுபாடு தொட்டியில் நிகழ்ந்ததா, கருவியில் மட்டும் நிகழ்ந்ததா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஐயம் இருந்தால் மறுநாள் அதே நேரத்தில், மீனுக்கு உணவிடும் முன், மீண்டும் அளந்து பாருங்கள்.

சோதனையைச் செய்யும் விதத்திலும் பிழைகள் நுழைகின்றன. மாலிப்டினம் சேர்மம் பாஸ்பேட்டோடு வினைபுரிந்து தரும் நீல நிறத்தின் அடர்த்தியைத்தான் இக்கருவிகள் ஒளியால் அளக்கின்றன என்பதால், ஒளியின் பாதையில் குறுக்கிடும் எதுவும் எண்ணை மாற்றிவிடும்: குப்பியின் மேல் கைரேகை, உள்ளே ஒட்டிய காற்றுக்குமிழி, கரையாத தூள், நுண்ணிய கீறல். சுழியம் வைப்பதற்கும் அளப்பதற்கும் ஒரே குப்பியை, ஒரே திசையில் வைத்துப் பயன்படுத்துங்கள். குறிப்பில் சொன்ன காத்திருப்பு நேரத்தைச் சுருக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் வேதிப்பொருள் தூள் எளிதில் கட்டிதட்டிவிடும். பொட்டலங்களை ஈரம் புகாத பெட்டியில் வைத்து, காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் கிட்டைப் பயன்படுத்துவோர் அதைத் தொட்டியின் நீல விளக்கடியில் பார்ப்பது பயனற்றது; சன்னலோரப் பகல் வெளிச்சமே ஏற்றது. அட்டையின் முதல் படியே 0.25 பிபிஎம்மாக இருக்கும் கிட், நன்னீர்த் தொட்டிக்குப் போதுமானாலும், ரீஃப் தொட்டிக்கு உதவாது.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் தவறு நிகழ்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒன் ட்ரீ தீவில் நடந்த, 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 0.19 பிபிஎம் பாஸ்பேட்டையும் அதனுடன் நைட்ரஜனையும் நீரில் சேர்த்துவந்தபோது, பவளத்திட்டின் சுண்ணப் படிவு பாதிக்கு மேல் குறைந்தது. மிகுந்த பாஸ்பேட் பவளத்தின் எலும்புக்கூடு வளர்வதைத் தடுக்கிறது என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் அந்த அச்சத்தில் அதை முற்றிலும் துடைத்தெடுக்க முயல்வதே, என் கருத்தில், இன்று கூடுதலான தொட்டிகளைக் கெடுக்கும் தவறு. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பஞ்சமாகும்போது, வெப்பத்தாலும் ஒளியாலும் பவளம் வெளிறிப்போவது எளிதாகிறது என்று சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஆண்டு முழுவதும் நீரைக் குளிர்விக்கும் சில்லரை நம்பியிருக்கும் சிங்கப்பூர்த் தொட்டிகளுக்கு இது வெறும் ஆய்வுச் செய்தி அன்று. சில்லர் ஒரு பிற்பகல் நின்றுபோனாலே நீர் அறையின் வெப்பத்தை நோக்கி ஏறத் தொடங்கும் இடத்தில், பஞ்சத்தில் வாடும் பவளம் தாக்குப்பிடிக்க வாய்ப்பு குறைவு. சுழியத்தில் கிடக்கும் தொட்டிகளில் பழுப்பு நிறச் சளிபோல் படரும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிரிகள் தலைதூக்குவதையும் வளர்ப்பாளர்கள் நன்கு அறிவார்கள். பல வகைப் பவளங்கள் சேர்ந்து வளரும் பெரும்பாலான கலப்புத் தொட்டிகளுக்கு 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை நியாயமான இலக்கு. பவளங்கள் நிறத்தோடு வளர்ந்துகொண்டிருக்கும் பழைய தொட்டியில் 0.15 இருந்தால், எண்ணுக்காக அதைக் கலைக்க வேண்டியதில்லை.

குறைக்கத்தான் வேண்டும் என்றால், வேகமே பெரும் பகை. ஜிஎஃப்ஓ எனப்படும் இரும்பு ஆக்சைடுத் துகள் மிகத் திறமையாக உறிஞ்சும்; பொட்டலத்தில் எழுதியுள்ள முழு அளவை முதல் நாளே போட்டால், சில நாள்களுக்குள் நீர் சுழியத்தை எட்டி, எஸ்பிஎஸ் எனப்படும் சிறு பாலிப் கடினப் பவளங்களின் திசு அடிப்பகுதியிலிருந்து உரியத் தொடங்கலாம். கால் பங்கில் தொடங்கி, ஆர்ஓ (சவ்வால் வடிகட்டிய) நீரில் தூசு போக அலசிப் பயன்படுத்தி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து, ஒரு வாரத்தில் இருக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் நிதானம். பாஸ்பேட்டைக் குறைக்கும் மற்றொரு பொருளான லாந்தனம் குளோரைடு இன்னும் கூடுதல் கவனம் கோருகிறது. அது பாஸ்பேட்டைக் கரையாத வெண்துகளாக மாற்றுவதால், நுண்ணிய ஃபில்டர் பைக்குள், மிக நீர்த்து, சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும்; அளவு மீறினால் நீர் பால்போல் கலங்கும், காரத்தன்மை இறங்கும், சர்ஜன் மீன்கள் மூச்சுத்திணறும்.

குறைந்த அளவு சில நாளில் மீண்டும் ஏறினால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி இருமடங்கு போடுபவர்கள் உண்டு. சுண்ணப் பாறையும் அரகோனைட் மணலும் நீரில் பாஸ்பேட் மிகுந்திருந்த காலத்தில் அதைத் தம்மேல் படியவிட்டு, நீரில் குறைந்ததும் திரும்ப விடுகின்றன. பழைய தொட்டியிலிருந்து வாங்கிய பாறை பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், இப்படிக் கசிந்துகொண்டிருக்கும். அந்த ஏற்றம் எதிர்பார்க்க வேண்டியதே. ஒவ்வொரு முறையும் ஏறும் உச்சம் முந்தியதைவிடத் தாழ்ந்தால், வழி சரியானதே.

வரவைக் கவனிக்காமல் செலவை மட்டும் பார்ப்பதும் தவறு. உலர் உணவில் எடைக்கு ஒரு விழுக்காடு பாஸ்பரஸ் இருப்பதாகக் கொண்டால், 1 கிராம் உணவில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது ஏறத்தாழ 30 மில்லிகிராம் பாஸ்பேட். 200 லிட்டர் தொட்டியில் அது 0.15 பிபிஎம்முக்குச் சமம். இதற்காக மீனைப் பட்டினி போடச் சொல்லவில்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு முறை உணவிடும் வழக்கத்தையாவது நிறுத்தலாம். தொட்டிக்கு ஊற்றும் நீரையும் சோதியுங்கள். இங்குள்ள குழாய்நீரில் குளோரமின் என்ற கிருமிநீக்கி உண்டு என்பதால், ஆர்ஓ கருவியின் கரி வடிகட்டி அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ஆர்ஓவுக்குப் பின் எஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசின் தீர்ந்துபோனால் அது பிடித்துவைத்தவையும் நீரில் சேரலாம். இயற்கைக் கடல்நீரைப் பயன்படுத்துவோர், கரையோரக் கடலின் பாஸ்பேட் ஆழ்கடலின் மேற்பரப்பைவிட மிகுந்திருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் ஊற்றும் முன் அளப்பது அவசியம்.

வோட்கா, வினிகர் போன்ற கரிம ஊட்டத்தால் பாக்டீரியாவைப் பெருக்கிப் பாஸ்பேட்டைக் குறைக்க முயல்வோர் நைட்ரேட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். பாக்டீரியா பெருக நைட்ரஜனும் தேவை. நைட்ரேட் ஏற்கெனவே சுழியமானால் பாஸ்பேட் அசையாது, ஊட்டத்தைக் கூட்டுவதால் சளிப்படலம்தான் மிஞ்சும்.

ஜிஎஃப்ஓவை எப்போது மாற்றுவது என்பதற்கு நாள்காட்டி தேவையில்லை. துகளை இட்டு நீரைச் செலுத்தும் குழலான ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீரையும் தொட்டி நீரையும் ஒரே வேளையில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் துகள் தீர்ந்துவிட்டது. வெளிவருவது தெளிவாகக் குறைவாக இருந்தால் அது இன்னும் உழைக்கிறது. மாற்றும்போதும் மீண்டும் கால் பங்கிலிருந்தே தொடங்குங்கள்.