‘பூசினாப்ல ஆயிட்டியே’: ஊரடங்கில் நாம் செய்த தவறுகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியதுமே வாட்ஸ்அப்பில் எடைக் கேலிகள் குவிந்தன. பெரும்பாலோர் சிரித்துவிட்டு மறந்தோம். அனோரெக்ஸியா (எடை கூடும் பயத்தில் பட்டினி கிடப்பது), புலிமியா (அளவின்றிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் ஈடுகட்டுவது) போன்ற உணவுக் கோளாறுகளின் விளிம்பில் நின்ற பிள்ளைகளால் மறக்க முடியவில்லை. பள்ளி, விளையாட்டு, தோழிகள் எல்லாம் ஒரே வாரத்தில் போயின. கையில் மிஞ்சியது தட்டும் எடைக்கருவியும்தான். போதாதற்கு, ஆன்லைன் வகுப்பில் நாளெல்லாம் தன் முகத்தையே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளின் அவசர சிகிச்சை வருகைகளில் உணவுக் கோளாறின் பங்கு அந்தக் காலத்தில் இரட்டிப்பானது.

வீட்டில் நடந்த முதல் தவறு, பெருமைப்பட்டது. “இனிப்பே தொடுறதில்ல, தினம் ரெண்டு மணி நேரம் ஒர்க்அவுட்!” ஊரே ஆரோக்கியம் பேசிய நேரத்தில் இது கட்டுப்பாடாகத்தான் தெரிந்தது. “அப்பவே சாப்பிட்டேன்” என்ற பதில் அடிக்கடி வந்தால், சாப்பிட்ட கையோடு குளியலறைக் கதவு சாத்தினால், மாதவிடாய் நின்றால், அது கட்டுப்பாடு அல்ல.

‘பார்க்க நல்லாத்தானே இருக்கா’ என்று விடுவது அடுத்தது. புலிமியா உள்ளவர்கள் பலர் சராசரி எடையில்தான் இருப்பார்கள். குண்டான உடம்பு வேகமாக இளைத்தாலும் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வீடியோ காலில் மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்க முடியாது. நேரில் போயாக வேண்டும்.

இன்னொன்று, பாசத்தில் செய்வது. பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரேயடியாக ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயம் தடுமாறும், உயிரே போகலாம். எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அரசுகளும் விதிவிலக்கல்ல. கொரோனா பயத்தை வைத்தே இங்கிலாந்து 2020 ஜூலையில் எடைக் குறைப்புப் பிரசாரம் தொடங்கியது. 2022 ஏப்ரலில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உணவக நிறுவனங்கள் மெனுவில் கலோரி அச்சிட வேண்டும் என்றானது. எண்களை மறக்கத்தான் சிகிச்சையில் பாடுபடுகிறார்கள். மெனு அதையே நீட்டுகிறது!

சாப்பாட்டு நேரத்தில் எடை, கலோரிப் பேச்சு வேண்டாம். உடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பலருக்குச் சாப்பிட்டு முடித்த அரை மணி நேரம்தான் கொடுமை. அப்போது பிள்ளையைத் தனியே விடாமல் கேரம் போர்டை எடுத்துப் போடுங்கள்.